கீழ்ப்புல்வெளி வாய்க்காலில் ஒரு நத்தை

ஸ்வோல்லே
3 மார்ச் 2008

அன்புள்ள ஹார்ம்,

நலம்தானே? டீனெக்கேயும் நலம்தானே? உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதைப் பிரிக்காமல் சமையலறை மேஜையில் இரண்டு நாள் போட்டு வைத்திருப்பாய் என்று தெரியும். பரவாயில்லை. நான்கு வருடமாக நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

அலுவலக விஷயம்தான். எங்கள் நீர் வாரியம் இந்த வருடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. எல்ஸ்பேக் ஓடையில் எட்டு இடம், அதில் வந்து விழும் வயல் வாய்க்கால்களில் எட்டு இடம். ஒவ்வொன்றிலும் கைவலை போட்டு, தண்ணீரில் இருக்கும் பூச்சி, புழு, நத்தை, அட்டை எல்லாவற்றையும் எடுத்து எண்ணி, ஓடைக்கும் வாய்க்காலுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். ஓடை என்றால் உயிர் நிறைந்தது, வாய்க்கால் என்றால் வெறும் சாக்கடை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்தப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த எட்டு வாய்க்கால்களில் ஒன்று நம் வீட்டுக் கீழ்ப்புல்வெளி வாய்க்கால். நான் தேர்ந்தெடுத்ததல்ல. கம்ப்யூட்டர், சீட்டுக் குலுக்கிப் போடுவது போல எடுத்தது. வேறு யாரையாவது அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு, நானே வந்தால் ஒரு காபியாவது கிடைக்குமே என்று தோன்றியது.

ஏப்ரல் 12, சனிக்கிழமை காலை வரட்டுமா? அரை மணி நேர வேலை. மாடுகளைத் தொந்தரவு செய்யமாட்டேன். வேலிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போவேன்.

அன்புடன்,
அக்கா யான்டீனா


எல்ஸ்பேக்
9 மார்ச் 2008

யான்டீனா,

இரண்டு நாள் இல்லை, நான்கு நாள் கிடந்தது. டீனெக்கே பிரித்தாள்.

"நம் வீட்டு" என்று எழுதியிருக்கிறாய். அதைக் கவனித்தேன்.

இந்தப் பக்கம் முழுக்க வாய்க்கால்தான். ஆளுக்கு ஆறு, ஏழு இருக்கும். அத்தனையிலும் உங்கள் கம்ப்யூட்டருக்கு என் கீழ்ப்புல்வெளி வாய்க்கால்தான் கண்ணில் பட்டதா? அதுவும் இந்த வருடம்? போன நவம்பரில் புது மாட்டுக் கொட்டகைக்கு அனுமதி கேட்டு மனு போட்டேன். அந்த வாய்க்காலில் தொண்ணூறு மீட்டர் மூடினால்தான் கொட்டகை நிற்க இடம் வரும். மனு உங்கள் கட்டடத்தில்தான், இரண்டாவது மாடியில் இருக்கிறது. உன் மேஜை மூன்றாவது மாடியில். படிக்கட்டு எத்தனை என்று உனக்குத்தான் தெரியும்.

அப்பா போன பிறகு ஓடைக்கரையில் இருந்த ஆல்டர் மரங்களை நான் வெட்டினேன். அன்றைக்கு முற்றத்தில் நின்று நீ கத்தியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ஒருநாள் இதுக்கு நீ பதில் சொல்லுவடா." இப்போது வலையோடு வருகிறாய்.

வரவேண்டாம் என்று சொன்னால் எதையோ மறைக்கிறேன் என்று எழுதுவீர்கள். அதனால் வா. ஆனால் நான் பக்கத்திலேயே நிற்பேன். எங்கே இறங்கினாய், எத்தனை தடவை வலை போட்டாய் என்று நானும் எழுதி வைத்துக்கொள்வேன். இனி எதுவானாலும் போன் வேண்டாம், கடிதம்தான். எழுத்தில் இருக்கட்டும்.

காபி உண்டு.

ஹார்ம்


ஸ்வோல்லே
27 ஏப்ரல் 2008

அன்புள்ள ஹார்ம்,

முதலில் டீனெக்கேக்கு நன்றி. மோர்க்கஞ்சியில் பழுப்புச் சர்க்கரைப் பாகு விட்டுக் கொடுத்தாளே, அது போல் சாப்பிட்டு எத்தனை வருடம் ஆகிவிட்டது! "அண்ணி, இன்னொரு கிண்ணம் சாப்பிடுங்க, அவர் முறைக்கறதப் பாக்காதீங்க" என்று அவள் சொன்னபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

நீ பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டு கரையில் போலீஸ்காரன் மாதிரி நின்றாய். அதிலும் தப்பில்லை. ஒரே ஒரு தடவை, நான் சேற்றில் கால் புதைந்து நின்றபோது, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கை கொடுத்தாய். அதை நோட்டில் எழுதினாயா?

எண்ணி முடித்துவிட்டேன். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றைப் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பேன். ஓடை மாதிரிக்கு ஒரு நாள், வாய்க்கால் மாதிரிக்கு இரண்டு நாள். ஓடையில் எதிர்பார்த்தவைதான். குட்டி இறால்கள், கல்லின் அடியில் ஒட்டிக்கிடக்கும் ஒருநாள் பூச்சியின் குஞ்சுகள், மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள். முப்பத்தேழு வகை. உன் வாய்க்காலில் எத்தனை தெரியுமா? நாற்பத்தொன்று! நீர்வண்டு மட்டும் பதினொரு வகை. தும்பிக் குஞ்சுகள், துடுப்புப் பூச்சிகள், ஆறு வகை நத்தை. ஓடையில் ஓடுகிற நீரை நம்பி வாழும் உயிர்கள் வேறு, வாய்க்காலில் நிற்கிற நீரும் பாசியும் கேட்கும் உயிர்கள் வேறு. இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்தால் பொதுவாக இருப்பது ஒன்பதே ஒன்பது. எங்கள் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

அந்த ஆறு நத்தைகளில் ஒன்று, பட்டாணி அகலம்கூட இல்லாத தட்டை நத்தை. நாடாவைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். ஒன்றே ஒன்றுதான், உயிரோடு கிடைத்தது. அது ஐரோப்பா முழுக்கப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கும் நத்தை. என் கண்ணை நம்பாமல் சக ஊழியர் ஷூர்டிடம் காட்டினேன். அவரும் அதேதான் என்றார்.

நான் அதை அறிக்கையில் எழுதியாக வேண்டும், ஹார்ம். எழுதாமல் விட்டால் என் வேலைக்கு அர்த்தம் இல்லை. அறிக்கை இரண்டாவது மாடிக்கும் போகும். உனக்கு வேறு யாரோ சொல்லித் தெரிய வேண்டாம் என்றுதான் நானே முதலில் சொல்கிறேன்.

கோபப்படாதே.

அன்புடன்,
அக்கா


எல்ஸ்பேக்
4 மே 2008

யான்டீனா,

ஒரு நத்தை.

முப்பது வருடமாக அந்த வாய்க்காலை நான் தூர்வாருகிறேன். அதற்கு முன்னால் அப்பா. ஒவ்வொரு அக்டோபரிலும் அதன் சேறு முழுக்க என் கையால் கரைக்கு வந்திருக்கிறது. ஒரு வருடமும் இல்லாத நத்தை, கொட்டகைக்கு மனு போட்ட வருடம், நீ வலை போட்ட அன்று, ஒன்றே ஒன்றாக வந்து உட்காருகிறது. பக்கத்து வீட்டு வோல்டரிடம் சொன்னேன். "உங்க அக்கா வர்றப்போ பையில எடுத்துக்கிட்டு வந்திருப்பாங்கடா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அன்று நான் நோட்டில் எழுதியதை இங்கே அப்படியே எழுதுகிறேன். "9.40. வேனின் பின்கதவைத் திறந்தாள். உள்ளே இன்னொரு வாளி, ஈரச்சேறு. வலை ஏற்கெனவே நனைந்திருக்கிறது." எங்கள் வாய்க்காலில் இறக்குவதற்கு முன்பே அந்த வலை நனைந்திருந்தது. டீனெக்கேயிடம் கேட்டேன். ஆமாம், சொட்டிக்கொண்டிருந்தது என்றாள்.

முந்தின நாள் நீ எங்கே வலை போட்டாய்?

இதற்கு மட்டும் பதில் எழுது. மற்ற பூச்சிக் கதை எனக்கு வேண்டாம்.

ஹார்ம்


ஸ்வோல்லே
11 மே 2008

ஹார்ம்,

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போய், மதியம் காரில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். கொண்டுபோன ரொட்டியை டப்பாவிலேயே மூடி வைத்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடமாக நான் இந்த வேலை செய்கிறேன். மூன்று இயக்குநர்களைப் பார்த்துவிட்டேன். என் பெயர் போட்ட மாதிரிச் சீசாவை யாரும் இரண்டாம் தடவை திறந்து பார்த்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை. வலையை அலசாமல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நான் போவதில்லை. இதை வெளியாள் யாராவது கேட்டிருந்தால் பதிலே சொல்லியிருக்கமாட்டேன். என் கூடப்பிறந்தவன் கேட்கிறான், அதுவும் அந்த வோல்டர் பேச்சைக் கேட்டுக்கொண்டு! வோல்டர் தன் வயல் வடிகுழாயை எங்கே திறந்து விடுகிறான் என்று ஒருநாள் போய்ப் பார்.

நீ என்னை நினைப்பது போல நானும் உன்னை நினைத்தால் என்ன ஆகும்? உனக்கு அந்த வாய்க்கால் மூடப்பட வேண்டும். நத்தை இல்லாமல் போனால் உனக்குத்தான் வசதி. தூர்வாரும் இயந்திரம் உன் களஞ்சியத்தில் நிற்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இரண்டாவது மாடியில் நினைக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். செப்டம்பரில் மறுபடி மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை உன் மனு நிறுத்தி வைக்கப்படும். தயவுசெய்து அதுவரை அந்த வாய்க்காலில் கை வைக்காதே. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

டீனெக்கேக்கு என் அன்பைச் சொல்.

யான்டீனா


எல்ஸ்பேக்
1 ஜூன் 2008

யான்டீனா,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். முந்தின நாள் எங்கே போனாய் என்பதற்கு ஒரு வரி இல்லை. டீனெக்கே இரண்டு தடவை தேடிப் பார்த்தாள்.

மனு நிறுத்தப்பட்ட கடிதம் வந்துவிட்டது. கொத்தனார் ஜூலையில் வருவதாக இருந்தார். வேறு வேலைக்குப் போய்விட்டார், இனி அடுத்த வருடம்தான் என்கிறார். பழைய கொட்டகை உனக்குத் தெரியும். அப்பா காலத்து மாடுகளுக்குக் கட்டியது. இப்போதுள்ள மாடுகள் அதில் திரும்பக்கூட முடியாது. தரை வழுக்குகிறது. ரம்பம் போட்டுக் கோடு கீறினேன். பிரயோஜனம் இல்லை. தினமும் இரண்டு வேளை நானும் டீனெக்கேயும் அந்த இடுக்கில் நுழைந்து பால் கறந்துவிட்டு வருகிறோம்.

வாய்க்காலில் கை வைக்கமாட்டேன். கவலைப்படாதே. நான் வைத்தால் உனக்கு எவ்வளவு வசதி என்று எனக்கும் தெரியும்.

ஹார்ம்


ஸ்வோல்லே
14 செப்டம்பர் 2008

ஹார்ம்,

புதன்கிழமை நானும் ஷூர்டும் வந்திருந்தோம். முன்கூட்டியே தபால் அட்டை போட்டிருந்தேன், நீ இல்லை. கொட்டகையில் யாரோ ஒரு கூலி ஆள் பால் கறந்துகொண்டிருந்தார். "அவங்க ரெண்டு பேரும் இல்லைங்க" என்று மட்டும் சொன்னார். ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் இருந்தது. ஆனால் உயிர் இல்லை. ஐந்து மீட்டர் வலை இழுத்தோம். சிவப்புப் புழுக்கள், இரண்டு துடுப்புப் பூச்சி, வெறும் நத்தை ஓடுகள். தட்டில் பரப்பினால் சேறு மட்டும் அசையாமல் கிடக்கிறது. ஏப்ரலில் நாற்பத்தொன்று. இப்போது ஆறு. ஓடையில் உன் வாய்க்கால் விழும் இடத்துக்கு மேலே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

என்ன செய்தாய், ஹார்ம்? சுண்ணாம்பு போட்டாயா? பால் தொட்டி கழுவும் மருந்தை ஊற்றினாயா? ஷூர்ட் என்னைப் பார்க்காமல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "உங்க தம்பி நிலம்னு தெரியும். நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று கேட்டார். நானே எழுதினேன். "வேண்டுமென்றே செய்யப்பட்ட குறுக்கீட்டுக்கான அறிகுறி." அந்த வாக்கியத்தை எழுதிவிட்டுக் கழிப்பறையில் போய் அழுதேன்.

மரங்களை வெட்டியபோது ஆத்திரம்தான் வந்தது. இது அப்படி இல்லை. எங்கள் ஆட்கள் தண்ணீர் எடுக்க வருவார்கள். ஒளிக்காதே. உண்மையைச் சொல்லிவிடு.

யான்டீனா


எல்ஸ்பேக்
21 செப்டம்பர் 2008

யான்டீனா,

உங்கள் ஆட்கள் வந்தார்கள். இரண்டு பேர், மஞ்சள் சட்டை, கை நிறைய பாட்டில். வேலிக்கு அந்தப் பக்கம் வோல்டரும் அவன் பெண்டாட்டியும் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் களஞ்சியத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். சுண்ணாம்பு மூட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். எந்தப் பண்ணையில் இல்லை?

உனக்கு இரண்டு விஷயம் தெரியவேண்டும்.

ஒன்று. ஆகஸ்ட் மாதம் கீழ்ப்பாலத்தைச் சரிசெய்கிறோம் என்று உங்கள் வாரியமே மதகுப் பலகைகளை எடுத்தது. ஐந்தாம் தேதியிலிருந்து இருபத்தாறு வரை. மூன்று வாரம் என் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கொக்கு வந்து பொறுக்கித் தின்றது. பிறகு பலகையைப் போட்டார்கள், தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்து இரண்டே வாரத்தில் நீ வலை போட்டிருக்கிறாய். என்னைக் கேட்க வேண்டாம், உங்கள் மதகுக்காரரையே கேள். உன் மேஜையிலிருந்து போன் பண்ணினால் போதும்.

இரண்டு. ஆகஸ்ட் 19, காலைக் கறவை. பெரிய கறுப்பு மாடு வழுக்கி விழுந்தது. டீனெக்கே அதற்கும் சுவருக்கும் நடுவில் இருந்தாள். வலது தோள் மூன்று இடத்தில் உடைந்துவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சை. நீ வலையோடு வந்த புதன்கிழமை நான் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரொட்டியை வெட்டி ஊட்டிக்கொண்டிருந்தேன். உன் அட்டை தபால் பெட்டியிலேயே கிடந்தது. திரை இழுத்திருந்ததைப் பார்த்திருக்கிறாய். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. சுண்ணாம்பு என்றுதான் தோன்றியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. மறைத்து வைத்தேன். அவளுக்கு இன்னும் உன்மேல் பிரியம் இருக்கிறது.

இனி எழுதாதே.

ஹார்ம்


ஸ்வோல்லே
19 அக்டோபர் 2008

அன்புள்ள ஹார்ம்,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதவேண்டும். படிக்காவிட்டாலும் வைத்திரு. எழுத்தில் இருக்கட்டும் என்று நீதானே சொன்னாய்.

மதகுக்காரரிடம் பேசினேன். "ஆமாங்க, மூணு வாரம் பலகை எடுத்திருந்தோம். உங்க பிரிவுக்குக் கூட தாள் அனுப்பினேனே" என்றார். அந்தத் தாள் என் மேஜைமேல்தான், மற்ற தாள்களுக்கு அடியில் கிடந்தது. 'வேண்டுமென்றே' என்ற அந்த வாக்கியத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். நீ எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது அது இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. நீ கேட்ட முந்தின நாள். நான் வேறொரு வேலையாக வடக்கே சதுப்பு நிலத்து வாய்க்கால் ஒன்றில் வலை போட்டேன். அந்தத் தட்டை நத்தை அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. வேலை முடியும்போது ஆலங்கட்டி மழை. வலையை அப்படியே வேனில் எறிந்துவிட்டுக் கதவைச் சாத்தினேன், வீட்டில் போய்க் குழாயில் அலசிக்கொள்ளலாம் என்று. வீட்டுக்குப் போனதும் மறந்துவிட்டேன். மறுநாள் நான்கு வருடத்துக்குப் பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என்ன உடுத்துவது, உன்னிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் வலை அலசியதற்கு ஒரு குறி போடும் கட்டம் உண்டு. அன்றைய கட்டம் காலி.

இவ்வளவும் மறதி என்று சொல்லிவிடலாம். மறதியை நீ மன்னிக்கக்கூடும். அடுத்ததைக் கேள்.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்று, எல்லோரும் போன பிறகு, அந்தச் சீசாவை எடுத்து மீண்டும் தட்டில் கொட்டினேன். அடியில் பச்சையாக ஒரு துணுக்கு. ஓரத்தில் முள் முள்ளாக இருந்தது. கற்றாழை மடல் போல நீரில் வளரும் ஒரு செடி, அதன் இலை நுனி. உன் வாய்க்காலில் அது இல்லை, எல்ஸ்பேக் பக்கம் எங்குமே இல்லை. சதுப்பு நிலத்தில்தான் இருக்கிறது. பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. குறிப்பேட்டையும் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சீசாவில் போட்டு, மூடி, அலமாரியில் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உனக்கு அந்த நான்கு பக்கத்தை எழுதினேன்.

ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்துப் பெயர் ஒரு காரணம். அதைவிடக் கேவலமான காரணம், நீ சொன்னது சரியாகிவிடக்கூடாது என்பது. மரம் வெட்டிய ஹார்ம், முறைக்கிற ஹார்ம், அவன் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கோடை முழுக்க, நீ ஏதாவது தப்புச் செய்வாய், அப்போது என் தப்பு சின்னதாகிவிடும் என்று காத்திருந்திருக்கிறேன். செப்டம்பரில் அந்தச் சேற்றைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அழுதேன் என்று எழுதினேனே, அது பொய்யில்லை. ஆனால் அந்த நிம்மதியும் பொய்யில்லை.

மே மாதமே சொல்லியிருந்தால் ஜூலையில் கொத்தனார் வந்திருப்பார். கொட்டகை வேலை நடக்கும்வரை, ஆகஸ்டில் மாடுகள் மேய்ச்சலிலேயே கறக்கப்பட்டிருக்கும். டீனெக்கே அந்த இடுக்கில் நின்றிருக்கமாட்டாள். இதை வேறு மாதிரி எண்ணிப் பார்த்துவிட்டேன். எப்படி எண்ணினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

போன திங்கள்கிழமை எங்கள் தலைமை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யான்டீனா, மே மாசம் சொல்லியிருந்தீங்கன்னா இது ஒரு தப்பு. இப்ப இதுக்கு வேற பேரு" என்றார். என்னை நுண்ணோக்கி மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பழைய வரைபடங்களை அடுக்கும் அறையில் இருக்கிறேன். பதினாறு மாதிரிகளையும் ஷூர்ட் மறுபடி எண்ணுகிறார். உன் மனுவுக்கு இனித் தடை இல்லை. கடிதம் வரும்.

டீனெக்கேயிடம் இதைப் படித்துக் காட்டு. மறைக்காதே. அவளுக்கு என்மேல் பிரியம் இருக்கிறது என்றாய். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

யான்டீனா


எல்ஸ்பேக்
7 டிசம்பர் 2008

யான்டீனா,

டீனெக்கே படித்தாள். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மே மாதத்துப் பகுதி வந்ததும் நிறுத்திவிட்டாள். நான் மறுபடி படிக்கச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். நானே படித்துக்கொண்டேன்.

அனுமதி வந்துவிட்டது. கொத்தனார் பிப்ரவரியில் வாய்க்காலை மூடுகிறார்.

அனுமதித் தாள் கையில் வந்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம். நத்தை இருக்கிறது என்று சொன்னாய், அது உண்மையில்லை. இப்போது இல்லை என்கிறாய். டீனெக்கே தோளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இல்லை என்கிறாயோ? முள் இலை, காலிக் கட்டம் எல்லாம் நீ எழுதித்தானே எனக்குத் தெரியும்? ஷூர்ட் எண்ணட்டும், ஆனால் அவர் உன்னோடு பதினைந்து வருடம் வேலை செய்தவர். நீ ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எனக்கு ஒன்றுதான், இரண்டும் காதில் ஏறுவதில்லை. இப்படி ஆகிவிட்டது.

அதனால் நானே இறங்கினேன். இடுப்பு வரை ரப்பர் பூட்ஸ், மாவு சலிக்கும் சல்லடையைக் கம்பில் கட்டியது, டீனெக்கேயின் வெள்ளைப் பாத்திரம். நவம்பரில் மூன்று சனிக்கிழமை. டீனெக்கே கரையில் நாற்காலி போட்டு, அவள் கோட்டுக்கு மேல் என் கோட்டையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, இடது கையால் கோடு கோடாக எழுதினாள். அவள் வைத்த பெயர்களை நீ பார்த்தால் சிரிப்பாய். "மீசைக்காரன்", "தலைகீழாப் போறவன்", "பாதிரியார்". "அங்க பாருங்க, இன்னொரு பாதிரியார்!" என்று கத்துவாள். பத்தொன்பது வகை வந்தது. தண்ணீர் ஓடையிலிருந்து ஏறும்போது கூடவே ஏறி வந்திருக்கின்றன போல. வோல்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னடா, நீயும் அக்கா மாதிரி ஆயிட்டியா?" என்றான். "போடா, போய் உன் வடிகுழாயப் பாரு" என்றேன். முகம் செத்துப்போய்விட்டது அவனுக்கு.

கிடைத்த நத்தைகளையும் சேற்றில் கிடந்த வெற்று ஓடுகளையும் ஒரு ஜாடியில் போட்டு, லேவார்டனில் நத்தை ஓடு சேர்க்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு அனுப்பினேன். உனக்கு அனுப்பவில்லை. அனுப்பலாம் என்று டீனெக்கே சொன்னாள். நான் கேட்கவில்லை. அவர் அழகான கையெழுத்தில் பதில் எழுதினார். நான்கு வகை, எல்லாம் சாதாரண நத்தை, பழைய ஓடுகளில்கூட அந்தத் தட்டை நத்தை இல்லை. ஆக, நீ சொன்னது உண்மைதான். அதை வேறொருவர் சொல்லித்தான் நம்பினேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தண்ணீரில் குனிந்து நின்றபோது எனக்கு அலுப்புத் தட்டவில்லை. அதையும் சொல்லக்கூடாது என்றிருந்தேன்.

நான் இதை எழுதும்போது டீனெக்கே எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "இருபத்தாறாம் தேதி, இரண்டாம் கிறிஸ்துமஸ் அன்னைக்கு அண்ணிய வரச் சொல்லி எழுதுங்க" என்கிறாள். "நீயே எழுதிக்கோ" என்றேன். "எனக்குக் கை வராதுன்னு தெரியுமில்ல, எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. எதுவும் வாங்கிக்கொண்டு வராதே.

இது அவள் அழைப்பு. நான் மேஜைக்கு வந்து உட்காருவேன். பேசுவேனா என்று தெரியாது.

ஹார்ம்